உணவுப் பழக்கத்தை மாற்றுவதும் மாற்றியதைக் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவை மாற்றத் தொடங்குவது எளிது. மூன்றாவது மாதம்தான் சிரமம். கீழே உள்ள பதில்கள் அந்த மூன்றாவது மாதத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எந்த யோசனையையும் ஒரே உரைகல்லில் உரசிப் பாருங்கள்: வேலை முடிந்து, களைத்து, பசியோடு வீட்டுக்குள் நுழையும் மாலையில் அது தாங்குமா? தாங்காது என்றால், எவ்வளவு நல்ல யோசனையானாலும் அதை இன்னும் சிறிதாக்குங்கள்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. அந்த எண் 1960-ல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகளுக்குத் தங்கள் புது முகம் பழக 'குறைந்தது' 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். கைமாறிக் கைமாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்தது, 'முகம்' உதிர்ந்தது, 21 மட்டும் மிஞ்சியது.

பழக்கம் உருவாவதையே அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியின் குழு. 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் சாப்பாடு, பானம், உடற்பயிற்சி இவற்றில் சிறியதாக ஒன்றைத் தேர்ந்து, தினமும் ஒரே தருணத்தில் செய்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை கணக்கு விரிந்தது. சாப்பாட்டோடு ஒரு தம்ளர் தண்ணீர் போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதமாயிற்று. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

ஆகவே காலண்டரில் பத்து வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழிந்தும் கஷ்டமாகவே இருக்கிறதே என்று விட்டுவிடுபவர்கள் பாதி வழியில் இறங்கிக்கொள்கிறார்கள்.

மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாமா?

இங்கே சொல்லப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவற்றை ஆரோக்கியமான பெரியவர்கள் தாங்களே தொடங்கலாம். ஆனால் கீழே வருபவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள், இன்சுலின் சுரப்பைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர்கள்: மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் சட்டென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள்: பொட்டாசியம், புரதம், தண்ணீர் மூன்றுக்குமே அவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள்: கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும், அதனால் கீரை சாப்பிடும் அளவு திடீரென்று ஏறவோ இறங்கவோ கூடாது. கர்ப்பிணிகளும், முன்பு பட்டினி கிடப்பது, அளவின்றிச் சாப்பிட்டு வாந்தி எடுப்பது போன்ற சிக்கல் இருந்தவர்களும் இந்தப் பட்டியலில் சேருவார்கள். தினமும் மது அருந்துபவர்களுக்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் என்ன?

ஆரம்ப சூரத்தனமாக முடியும். திங்கட்கிழமை சர்க்கரை, காபி, பொரித்தது, இரவுச் சோறு நான்கையும் நிறுத்துபவருக்கு ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை தன்னோடு வாதாட வேண்டியிருக்கும். வியாழக்கிழமை மாலை வாதாடத் தெம்பிருக்காது. ஒன்று எடுங்கள், மிஞ்சினால் இரண்டு. அது கைக்கு வந்தபின் அடுத்தது.

எந்த ஒன்று என்பதற்கு மூன்று நாள் குறிப்பு போதும்: இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எங்கே, அதற்கு முந்தைய நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற நான்கை மட்டும், சாப்பிட்ட உடனே எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் நின்றபடி வாயில் போட்டவை எல்லாம் விட்டுப்போகும். பிறகு மூன்று நாளிலும் திரும்பத் திரும்ப வருவதை வட்டமிடுங்கள். அங்கேதான் தொடங்க வேண்டும்.

மனம் எப்போதும் கண்ணை உறுத்துவதைத்தான் குற்றவாளி ஆக்கும். மாதம் ஒருமுறை விருந்தில் தின்ற இனிப்பு ஓர் உதாரணம். நாளுக்கு நாலு கப் தேநீர், கப்புக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று வையுங்கள். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம். எட்டுத் தேக்கரண்டிக்கு 32 கிராம். மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ.

எப்படித் திட்டமிட்டால் அது நடக்கும்?

"இனி நிறைய காய்கறி சாப்பிடுவேன்" என்பதில் எப்போது என்பதும் இல்லை, எங்கே என்பதும் இல்லை. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்த ஒரு வடிவம் இதற்கு நன்றாக வேலை செய்கிறது: 'இது நடந்ததும், இதைச் செய்வேன்.' உதாரணமாக: "இரவுத் தட்டைக் கையில் எடுத்ததும், வேறெதையும் வைக்குமுன் பாதித் தட்டுக்குக் காய்கறி வைப்பேன்."

இந்த வாக்கியம் பலிக்காமல் போவதற்கு மூன்று காரணங்களை அடிக்கடி பார்க்கலாம். முதல் பாதி தெளிவாக இல்லை: 'மாலையில்' என்பது நேரம் அல்ல, 'செருப்பைக் கழற்றியதும்' என்பதே கண்ணுக்குத் தெரியும் அடையாளம். அல்லது அந்த அடையாளம் தினமும் வருவதில்லை. அல்லது இரண்டாம் பாதி 'மாட்டேன்' என்று முடிகிறது. "பிஸ்கட் சாப்பிட மாட்டேன்" என்றால் அந்த நேரத்தில் கைக்கு வேலை ஒன்றுமில்லை, பழைய வேலைக்கே போகும். "செருப்பைக் கழற்றியதும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு பழமும் சாப்பிடுவேன்" என்று இடத்தை நிரப்புங்கள்.

எனக்கு மன உறுதியே கிடையாது. என்ன செய்வது?

மன உறுதி தேவைப்படும் இடங்களைக் குறையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

களைத்து, பசியோடு வீடு திரும்பும் அந்த மாலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கதவு திறக்கிறது, பை கீழே விழுகிறது, கை அலமாரிக்குப் போகிறது. கண் மட்டத்தில், திறந்த பாக்கெட்டில், கழுவவோ நறுக்கவோ வேண்டாத ஒன்று இருக்கிறது. ஃபிரிட்ஜின் அடித்தட்டில், முடிச்சுப் போட்ட பைக்குள், கழுவாத கேரட் இருக்கிறது. இந்தப் போட்டியில் கேரட் ஜெயிக்காது. கேரட்டைக் கழுவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, மூடி போட்ட கண்ணாடி டப்பாவில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் முன்னால் வையுங்கள். பிஸ்கட் பாக்கெட்டை உள்ளே தெரியாத டப்பாவில் போட்டு, ஏணியோ நாற்காலியோ இல்லாமல் எட்டாத தட்டில் வையுங்கள். அதைவிட நல்லது, வாங்காமலிருப்பது. கடையில் ஒரு முறை வேண்டாம் என்று சொல்வது வீட்டில் இருபது முறை சொல்வதைவிட இலகு. பசியோடு கடைக்குப் போகாமல், பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள்.

சமைத்த பாத்திரத்தைச் சாப்பிடும் இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். தட்டில் அளவாக வைத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். இரண்டாம் முறை வேண்டுமென்றால் எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம். எழும் அந்த ஒரு நொடியில்தான் பசியா, பழக்கமா என்று தெரியும்.

தேநீரிலும் காபியிலும் சர்க்கரையை எப்படிக் குறைப்பது?

படிப்படியாக, ஆனால் அளந்து. முதலில் உங்கள் 'ஒரு கரண்டி' எவ்வளவு என்று பாருங்கள். குவித்து எடுத்த தேக்கரண்டியில் தலை தட்டியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். முதல் வாரம் எண்ணிக்கையைக் குறைக்காமல், தலை தட்டிப் போடுங்கள். அடுத்த வாரத்திலிருந்து வாரத்துக்குக் கால் தேக்கரண்டி குறையுங்கள். இரண்டு தேக்கரண்டியிலிருந்து பூஜ்யத்துக்கு எட்டு வாரம்.

எங்கே சறுக்கும் என்றால், அரைக் கரண்டியில். அதற்குக் கீழே போகும்போது தேநீரின் துவர்ப்பு மேலே வரும். அப்போது தூளைக் கொஞ்சம் குறையுங்கள், கொதிக்கும் நேரத்தையும் குறையுங்கள். துவர்ப்பை மறைக்கத்தான் பலர் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போயிருப்பார்கள். அரைக் கரண்டியிலேயே நின்றுவிட்டாலும் நஷ்டமில்லை: நாலு கப்புக்கு 32 கிராம் 8 கிராமாகிவிட்டது.

ஒரு நாளைக்கு எவ்வளவு வரை போகலாம்? சேர்க்கும் சர்க்கரை, தேன், சிரப், பழச்சாற்றில் உள்ள சர்க்கரை எல்லாம் சேர்த்து மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். 330 மில்லி குளிர்பானம் ஒன்றிலேயே சுமார் 35 கிராம் இருக்கும்.

சர்க்கரைக்குப் பதில் தேன், பழுப்புச் சர்க்கரை, பழச்சாறு?

உடலுக்கு மூன்றும் கிட்டத்தட்ட சர்க்கரையே. முழுப்பழம் வேறு: அதில் நார் இருக்கிறது, மெல்ல வேண்டியிருக்கிறது. ஒரே அமர்வில் மூன்று ஆரஞ்சு தின்பவர்கள் அரிது, மூன்று ஆரஞ்சின் சாற்றை ஒரு நிமிடத்தில் குடித்துவிடலாம்.

கலோரியில்லாத செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைக்கும் வழியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது. ஏற்கனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. நாக்கு தித்திப்பையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் என்பதுதான் எங்கள் தயக்கம். குளிர்பானத்திலிருந்து வெளியே வர ஒரு பாலமாகச் சில வாரம் வைத்துக்கொள்ளலாம்.

உப்பு எவ்வளவு சாப்பிடுகிறோம் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள். இதைவிட எளிய வழி இல்லை.

ஒரு பெரியவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. நான்கு பெரியவர்களுக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பிரித்த தேதியைப் பேனாவால் பாக்கெட்டின் மேலேயே எழுதி, தீரும் நாளைப் பாருங்கள். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். வடிக்கும் தண்ணீரிலும், பாத்திரத்தோடும் கொஞ்சம் போயிருக்கும். ஆனால் ஊறுகாய், சாஸ், ரொட்டி, சிப்ஸ் என்று வெளியிலிருந்து வரும் உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

குறைப்பதையும் பாக்கெட்டை வைத்தே செய்யலாம். ஒரு கிலோவுக்கு 25 நாள் என்றால், அடுத்த பாக்கெட் 28 நாள் வரவேண்டும் என்று இலக்கு வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாக்கு பழகும், இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. 1980-களிலேயே செய்த சோதனைகளில், உப்பைக் குறைத்துச் சில மாதம் சாப்பிட்டவர்களுக்கு முன்பு பிடித்த உப்பளவே அதிகமாகத் தோன்றத் தொடங்கியது. அந்த நாட்களைக் கடக்க எலுமிச்சை, மிளகு, பூண்டு, வறுத்த சீரகம் கைகொடுக்கும். உப்பைக் கொதிக்கும்போது போடாமல், இறக்கும்போது பாதியளவு போட்டு ருசி பாருங்கள். மேலே படியும் உப்பு நாக்குக்கு முதலில் தெரியும்.

பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு ரத்த அழுத்தத்துக்கு நல்லது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும், பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடம் மாறும்.

எட்டு தம்ளர் தண்ணீர் கட்டாயமா?

எல்லோருக்கும் ஒரே எண் கிடையாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் மிதமான வெப்பநிலைக்குச் சொன்ன அளவு, பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். உணவில் உள்ள நீரும் தேநீர், பால் எல்லாமும் அதில் அடக்கம். வெயிலிலும் உடலுழைப்பிலும் கூடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும்.

காய்கறியைக் கூட்டினால் வயிறு உப்புகிறதே?

வேகமாகக் கூட்டியிருப்பீர்கள். ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராம், நார்ச்சத்து 25 கிராம் என்பது பெரியவர்களுக்கான குறைந்தபட்ச இலக்கு. 10 கிராமில் இருக்கும் ஒருவர் மறுநாளே 25-க்குத் தாவினால், பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்த நாரை நொதிக்க வைத்து வாயு உண்டாக்கும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுங்கள். ஒரு கப் வேகவைத்த பயறு அல்லது பருப்பில் சுமார் 15 கிராம் இருப்பதால், முதல் வாரம் கால் கப்போடு நில்லுங்கள். பயறை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் தொல்லை குறையும். கூடவே தண்ணீரும் கூட வேண்டும். நார் மட்டும் கூடி நீர் கூடாவிட்டால் மலச்சிக்கல்தான் வரும்.

400 கிராம் எவ்வளவு என்று ஒரே ஒரு நாள் எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் தாங்கள் சாப்பிடுவதை அதிகமாக மதிப்பிட்டு வைத்திருப்பார்கள்.

பாக்கெட் உணவின் லேபிளில் எதைப் பார்ப்பது?

பொருள்களின் பட்டியல் எடை வரிசையில், அதிகமானது முதலில் என்று இருக்கும். முதல் மூன்றில் சர்க்கரையோ எண்ணெயோ இருந்தால் விஷயம் முடிந்தது. அடுத்து, 'ஒரு பரிமாறலுக்கு' என்ற எண்ணை விட்டுவிட்டு நீங்கள் உண்மையில் சாப்பிடும் அளவுக்குக் கணக்குப் போடுங்கள். 150 கிராம் பாக்கெட், ஒரு பரிமாறல் 30 கிராம், அதில் சோடியம் 250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், முழுப் பாக்கெட்டில் 1250 மில்லிகிராம். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு: 3 கிராமுக்கு மேல். ஒரு நாள் அளவில் பாதிக்கும் மேல் அந்த ஒரு பாக்கெட்டிலேயே போய்விட்டது.

ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு ஏன் இவ்வளவு உள்ளே போகிறது என்பதற்கு 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு செய்த சோதனை நல்ல விடை. 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பதப்படுத்தியது, இரண்டு வாரம் பதப்படுத்தாதது என்று கொடுத்தார்கள். வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, உப்பு, நார் எல்லாம் சமம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்தியதில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

பகலெல்லாம் கட்டுப்பாடு, இரவில் எல்லாம் போய்விடுகிறது. ஏன்?

பகலில் குறைவாகச் சாப்பிடுவதால்தான். காலையும் மதியமும் புரதமும் நாரும் உள்ள முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள்: முட்டை, பருப்பு, தயிர், மீன், எது உங்களுக்கு ஒத்துவருகிறதோ அது. மாலை ஐந்து மணிக்கு ஒரு சிறு உணவை வேண்டுமென்றே வையுங்கள். தூக்கம் குறைந்த மறுநாள் பசி அதிகம் எடுக்கும்; அப்படிப்பட்ட நாளில் புதிய கட்டுப்பாடு எதையும் தொடங்காதீர்கள்.

காபியைக் குறைத்தால் தலைவலி வருகிறது.

காஃபின் விலகும்போது 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, சில நாளில் அடங்கும் தலைவலி அது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கப் வீதம் குறைத்தால் பெரும்பாலும் வராது. பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பாதுகாப்பானது, கர்ப்பிணிகளுக்கு 200. குறைக்க வேண்டியது பிற்பகல் கப்பைத்தான். காஃபின் உடலில் பாதியாகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு டீ, காபி குடிக்காமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தாவர உணவிலிருந்து இரும்புச்சத்து சேர்வதை அவை தடுக்கும்.

மதுவை உடனே நிறுத்திவிடலாமா?

எப்போதாவது அருந்துபவர் இன்றே நிறுத்தலாம். தினமும் நிறையக் குடிப்பவர் தனியாக, சட்டென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு முதல் நாளிலேயே வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மருந்து உண்டு, மருத்துவமனை மேற்பார்வையில் பாதுகாப்பாக நிறுத்த முடியும். கேட்கத் தயங்க வேண்டாம். மருத்துவர்கள் தினமும் பார்க்கும் விஷயம்தான் இது.

வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைக்கவில்லை.

அறிவுரை சொல்லாதீர்கள். பொதுவாகச் சமைக்கும் பாத்திரத்தில் உப்பும் எண்ணெயும் கொஞ்சம் குறையட்டும், கூடுதல் வேண்டுபவர் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல் மேசைக்கரண்டியால் அளக்கச் சொல்லுங்கள். ஒரு கரண்டி சுமார் 120 கலோரி. உங்களுக்கென ஃபிரிட்ஜில் ஒரு தட்டு கேளுங்கள். அது போதும்.

பலன் எப்போது தெரியும்?

உப்பைக் குறைத்து, காயும் பழமும் கூட்டினால் ரத்த அழுத்தத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தெரியலாம். கொலஸ்டிராலுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை காட்டும் பரிசோதனையை அதற்கு முன் எடுப்பதில் பயனில்லை. எடை தினமும் ஒரு கிலோ ஏறி இறங்கும், அது நீர். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். சில மாதம் கழித்து எடை நின்றால் திட்டம் தோற்றதாக எண்ண வேண்டாம். இளைத்த உடல் குறைவாகவே எரிக்கும், அதனால் புதிய சமநிலை வந்துவிடுகிறது.

எவ்வளவு குறைந்தால் போதும்? அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002-ல் முடிவு வெளியான சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், உணவையும் உடலியக்கத்தையும் மாற்றிய குழுவுக்கு வைத்த இலக்கு, எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடலியக்கமும் மட்டுமே. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம். 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது சுமார் ஐந்தரை கிலோ.

ஒரு வாரம் முழுக்கத் தவறிவிட்டேன். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். பத்து வாரக் காலண்டரில் விட்ட இடத்திலிருந்தே எண்ணுங்கள். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டுவதுதான் பெரிய தவறு. அந்தப் பசி அன்றிரவே திரும்ப வரும். அடுத்த வேளையை எப்போதும்போலச் சாப்பிடுங்கள்.

பிறகு ஒரு தாளில் எந்த நாள், எந்த மணி, அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். பயணம் என்றால் பையில் என்ன இருந்திருக்க வேண்டும்? விருந்தினர் வந்தார்கள் என்றால் தட்டில் எதை முதலில் வைத்திருக்கலாம்? உடல்நலமில்லை என்றால் அந்த வாரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஒரே காரணம் இரண்டாவது முறையும் வந்தால் 'இது நடந்ததும், இதைச் செய்வேன்' வாக்கியத்தின் இரண்டாம் பாதியைப் பாதியாகச் சுருக்குங்கள்: பாதித் தட்டுக் காய்கறி இரண்டு கரண்டியாகட்டும். அந்த இரண்டு கரண்டியைக் களைத்த மாலையிலும் போட்டுக்கொள்ள முடிந்தால், ஒரு மாதம் கழித்து மூன்றாக்கலாம்.